கையெழுத்து விழாத கட்டம்

குருவுக்கு நாற்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சரியாகத்தான் சொல்கிறேன்.

குரு தில்லைநாயகி, தூக்கம் கெட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர். தென்காசிப் பக்கம் ஒரு சிறிய ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று அறைகளில் அவருடைய ஆஸ்பத்திரி இருந்தது. சீடர் நல்லசிவம், அரசு மருத்துவராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூக்கம் வரவில்லை என்று வந்து நின்ற அத்தனை பேருக்கும் முப்பது வருடமாக ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அது அவருக்கே உறுத்தியது. நேராகத் தில்லைநாயகியிடம் வந்தார்.

"எனக்குக் கத்துக்கொடுங்க டாக்டரம்மா."

"எனக்குத் தெரிஞ்சதே கொஞ்சம்தான் சார். உட்காருங்க."

அன்று உட்கார்ந்தவர்தான்.

முதல் வாரமே அசந்துபோனார். உரக்கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். படுத்தால் விடியும்வரை தூங்குவதாகவும், ஆனால் பகலெல்லாம் கடையில் தூங்கித் தூங்கிச் சாமி ஆடுவதாகவும் சொன்னார். தில்லைநாயகி அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வெளியே நின்ற அவருடைய மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"குறட்டை உண்டா அம்மா?"

"குறட்டை விட்டாக்கூட நிம்மதியா இருப்பேன். நடுவுல பொசுக்குனு நின்னுபோவும். மூக்குகிட்ட கை வச்சு மூச்சு வருதான்னு பாப்பேன்."

"நீங்க தூங்கி எத்தனை வருஷமாச்சு?"

அந்த அம்மாள் அழுதுவிட்டார். அதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உரக்கடைக்காரரை ஓர் இரவு அங்கேயே படுக்க வைத்து, கருவி மாட்டி மூச்சை அளந்து, மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்றுக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

"வந்த நோயாளி ரெண்டு பேர்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் நல்லசிவம்.

"யாருக்குக் கண்ணுக்குக் கீழ கறுப்பு அதிகம்னு பார்த்தேன்."

நல்லசிவம் அன்றிரவு தன் மனைவியிடம் இதை மூன்று தடவை சொன்னார். சொல்லும்போது குரு என்றே சொன்னார். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

சித்திரை மாதத்தில் மாசானமுத்து வந்தார். ரயில்வே கேட்கீப்பராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, நன்றாகத் தேய்த்த சட்டை. கண் மட்டும் இரண்டு குழிக்குள் கிடந்தது.

"இவரை நீங்க பாருங்க சார்" என்று குரு சீடரிடம் விட்டார்.

நல்லசிவத்துக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளாத் தூக்கம் இல்ல?"

"எட்டு மாசமாச்சு சார். ராத்திரி கண்ணை மூடுனா முழிப்பு வந்துருது. பகல்லதான் தலை சாயுது."

"சரி, பகல்லயாவது தூங்குங்களேன்."

"தூங்கக் கூடாது சார். பேத்தியப் பாத்துக்கிடுறதுதான் என் வேலை. மூணு வயசு. மக பஞ்சாயத்து ஆபீசுக்கு வேலைக்குப் போறா. மருமவன் திருப்பூர்ல இருக்காவ." மாசானமுத்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "போன வாரம் வாசப்படில உக்காந்தபடியே கண்ணசந்துட்டேன். புள்ள மெயின்ரோடு வரைக்கும் போயிட்டுது. பூக்காரம்மா பாத்துத் தூக்கிட்டு வந்தா. லாரி போற ரோடு சார்."

நல்லசிவம் பேனாவைக் கீழே வைத்தார்.

"மக சொல்லிட்டா. வைகாசி பொறந்ததும் புள்ளைய மதுரைக்கு, மாமியா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுருவாளாம். அவ மேல தப்பே இல்ல சார். நானா இருந்தாலும் அதான் செய்வேன். எனக்கு அந்தப் புள்ளைய விட்டா வேற என்ன இருக்கு?"

வைகாசிக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

நல்லசிவம் எல்லாச் சோதனையும் செய்தார். ரத்தம், தைராய்டு, சர்க்கரை, எல்லாம் சரி. காபி குடிப்பதில்லை. குறட்டை இல்லை. கருவி மாட்டிப் படுக்க வைத்த இரவில் மாசானமுத்து கண்ணை மூடவே இல்லை. காலையில் எழுந்து, தாளில் கோடு எழுதிய இயந்திரத்தைப் பார்த்து, "பாவம், இதுவும் தூங்கல" என்றார்.

பிறகு நல்லசிவம் குருவிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முப்பது வருடப் பழக்கம், கை தானாக எழுதியது. மாசானமுத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதோடு விடியவிடிய மல்லுக்கட்டினார். கால் தள்ளாடியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் கீழே விழுந்து நெற்றியில் இரண்டு தையல்.

"தூங்கத்தானே மாத்திரை? நீங்க எதுக்கு எழுந்து நின்னீங்க?"

"உக்காந்தாத் தூங்கிருவேன் சார்."

நல்லசிவத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரையை நிறுத்தினார். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். குரு எல்லோருக்கும் கொடுப்பதுதான் அது. எப்போது படுத்தோம், எப்போது விழித்தோம் என்று நோயாளியே எழுதிவர வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல், காலையில் எழுந்து, தோராயமாக எழுதினால் போதும் என்று குரு சொல்லிக் கொடுப்பார். நல்லசிவம் அதை மட்டும் மறந்துவிட்டு, "ஒண்ணு விடாம எழுதணும், நேரம் கரெக்டா இருக்கணும்" என்றார்.

யாரிடம் போய் என்ன சொல்லிவிட்டார் பாருங்கள். முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு வண்டியையும் நிமிடம் பிசகாமல் பதிவேட்டில் எழுதிய மனிதர் அவர். இப்போது தன் தூக்கத்தைப் பதிவு செய்ய விடியவிடிய விழித்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து நோட்டு வந்தது. அடிக்கோலால் கட்டம் போட்டு, மணிமணியான எழுத்து. இரவு 12.14, விழிப்பு. 12.52, சரக்கு வண்டி, நாற்பத்து நாலு பெட்டி. 1.31, விழிப்பு. அவருடைய வீடு தண்டவாளத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. படுத்தபடியே பெட்டியை எண்ணியிருக்கிறார்.

நல்லசிவம் சிவப்பு மையால் வண்டிகளை எல்லாம் அடித்தார். மிச்சமிருந்த விழிப்பை மட்டும் எடுத்து அழகாக ஒரு வரைபடம் போட்டார். இரண்டையும் கொண்டுபோய் குருவின் மேசையில் வைத்தார்.

"மூளை ஓய மாட்டேங்குது டாக்டரம்மா. இதைவிட வீரியமான மாத்திரைதான் கொடுக்கணும் போல. வைகாசிக்குப் பதினோரு நாள்தான் இருக்கு."

குரு வரைபடத்தைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அடித்த வண்டிகளையும் படித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் 'ஒப்படைப்பவர்' என்று எழுதி, மா. மாசானமுத்து என்று கையெழுத்து. நேரம், இரவு 8.00. அடுத்த கட்டத்தில் 'ஏற்பவர்' என்று மட்டும் இருந்தது.

ஏழு பக்கத்திலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"இது என்ன சார்?"

"அதுவா? பழக்கதோஷம். ரயில்வே பதிவேடு மாதிரியே கோடு போட்டிருக்கார்."

குரு எழுந்துபோய், வெளியே காத்திருந்த மாசானமுத்துவின் எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்வீங்க?"

மாசானமுத்து சற்றுத் தயங்கினார். "வாசல்ல போய் நிப்பேன்."

"எதுக்கு?"

"சும்மாத்தான். கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள வந்துருவேன்."

"கேட்ல உங்க டியூட்டி எத்தனை மணிக்கு முடியும்?"

"காலைல எட்டுக்குப் போனா ராத்திரி எட்டுக்கு அடுத்த ஆள் வந்துரும். ரெண்டு பேரும் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். அடுத்த ஆள் கையெழுத்துப் போடாம இடத்தை விட்டு நகரக் கூடாது. அம்மா செத்துட்டான்னு ஆள் வந்து சொன்னாலும் நகரக் கூடாது."

"கடைசி நாள் உங்ககிட்டேருந்து பொறுப்பை வாங்கினது யாரு?"

மாசானமுத்து மறுபடியும் உள்ளங்கைகளைப் பார்த்தார். நல்லசிவம் ஏதோ சொல்ல வந்தார். குரு கையைக் காட்டினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் வரல டாக்டரம்மா" என்றார் மாசானமுத்து.

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற அன்றுதான் கேட்டையும் மூடினார்கள். பக்கத்தில் சுரங்கப்பாதை திறந்தாயிற்று. நாலு மணிக்கு அதிகாரிகள் வந்து மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். சாவியையும் கொடியையும் வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிப் போய்விட்டார்கள். ராத்திரி ஆளை முந்தின வாரமே வேறு கேட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

"எட்டு மணி வரைக்கும் இருந்தேன். பத்து மணி வரைக்கும் இருந்தேன். மூடுன கேட்டுக்கு யாரு வருவாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கால் எழும்பல. அப்புறம் மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா." அவர் குரல் இறங்கியது. "முப்பத்தொரு வருஷத்துல ஆள் வராம நான் இடத்தை விட்டது அன்னைக்கு ஒரு நாள்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல."

 இந்த மனிதருக்கா மாத்திரை கொடுத்தோம் என்று நல்லசிவத்துக்கு வெட்கமாக இருந்தது.

குரு கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நான் கேட்டுக்கு வர்றேன் ஐயா. நோட்டை எடுத்துட்டு வாங்க."

சொன்னபடி போனார். நல்லசிவமும் கூடப் போனார். சாலை போய் முட்டும் இடத்தில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். பூட்டிய ஓர் அறை. கொஞ்சம் தள்ளி, சுரங்கப்பாதை வாசலில், லாரிக்காரர்களுக்காக விடியவிடியத் திறந்திருக்கும் டீக்கடை. மாசானமுத்து ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். பழைய நீலச் சட்டையைப் போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார்.

"பொறுப்பை வாங்கிக்க வந்திருக்கேன்" என்றார் குரு. "நிலவரம் சொல்லுங்க."

மாசானமுத்து நிமிர்ந்து நின்றார்.

"ரெண்டு பக்கமும் சுவர் கட்டிருக்கு. யாரும் குறுக்க வர முடியாது."

குரு நோட்டில் எழுதினார். "சாவி?"

"ஆபீசர் வாங்கிட்டுப் போயிட்டாவ."

"போன்?"

"எடுத்துட்டாவ."

"கேட்?"

மாசானமுத்து திரும்பிச் சுவரை ஒரு தடவை பார்த்தார்.

"கேட் இல்ல."

குரு அதையும் எழுதினார். "வண்டி?"

"எட்டு நாப்பதுக்கு ஒண்ணு மேக்க போவும். அதுக்கப்புறம் சரக்கு வண்டிதான். வண்டி வந்தா எந்திரிச்சு நிக்கணும் டாக்டரம்மா. கடைசிப் பெட்டி போற வரைக்கும் உக்காரக் கூடாது. அது சட்டம்."

"நிக்கிறேன்."

மாசானமுத்து 'ஒப்படைப்பவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நோட்டை நீட்டினார்.  குரு 'ஏற்பவர்' கட்டத்தில் தன் முழுப் பெயரையும் எழுதி, கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டார். 8.00.

மாசானமுத்து அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவர் தெரு திரும்பியதும் நல்லசிவம் சிரித்தார். "பிரமாதமா நடிச்சீங்க டாக்டரம்மா! வாங்க, ஆட்டோ நிக்குது."

குரு அங்கே கிடந்த சிமெண்ட் கட்டை மேல் உட்கார்ந்தார். "நீங்க கிளம்புங்க சார். எனக்குக் காலைல எட்டு வரைக்கும் டியூட்டி."

"விளையாடாதீங்க."

குரு விளையாடுகிறவர் மாதிரித் தெரியவில்லை. நல்லசிவத்துக்குப் போகவும் மனமில்லை, இருக்கவும் தோன்றவில்லை. டீ வாங்கி வந்தார். அவர் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் எட்டு நாற்பது வண்டி வந்தது. குரு எழுந்து நின்றார். கடைசிப் பெட்டி தாண்டும்வரை நின்றார்.

நல்லசிவம் தற்செயலாகச் சாலைப் பக்கம் திரும்பினார். வேப்பமரத்து இருட்டில் ஒரு நீலச் சட்டை நின்றுகொண்டிருந்தது. அது வண்டியைப் பார்க்கவில்லை. நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி போன பிறகு திரும்பி நடந்தது. முதல் தடவை போனதைவிட மெதுவாக நடந்தது.

"பாத்தீங்களா டாக்டரம்மா?"

"பாத்தேன். வருவார்னு தெரியும்."

நல்லசிவம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். முப்பது வருட வைத்தியத்தில் எத்தனையோ பெரிய டாக்டர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரு நோயாளிக்காக இப்படிக் கட்டை மேல் உட்கார்ந்த ஒருவரையும் பார்த்ததில்லை. டீக்கடைக்காரரிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பிளாஸ்கில் காபியோடு கிளம்பினார். வழியில் மாசானமுத்துவின் வீடு. வாசலிலேயே மகள் முத்துச்செல்வி எதிர்ப்பட்டு, பேசாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே அவர் பாயில் குப்புறக் கிடந்தார். நீலச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பேத்தி அவர் முதுகு மேல் ஒரு காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒம்பது மணிக்கெல்லாம் வந்து விழுந்தாவ சார்" என்று முத்துச்செல்வி கிசுகிசுத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அசையவே இல்ல. பயந்துபோய் நானே ரெண்டு தடவை மூச்சு வருதான்னு பாத்தேன். என்ன மருந்து சார் குடுத்தீங்க?"



"மதுரைக்கு?" என்று கேட்டார் நல்லசிவம்.

"அத்தைக்குப் போன் போட்டு, இப்போதைக்குப் புள்ளைய அனுப்பலன்னு சொல்லிட்டேன்."

நல்லசிவம் ஓட்டமும் நடையுமாகச் சுவருக்கு வந்தார். குரு அதே கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். புடவை முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார். கண் சிவந்து கிடந்தது. நோட்டு மடியில் இருந்தது. நல்லசிவம் எட்டிப் பார்த்தார். ராத்திரி போன ஐந்து வண்டியும் நேரத்தோடு எழுதப்பட்டிருந்தன. பெட்டிகளின் எண்ணிக்கைகூட இருந்தது.

"தூங்குறார் டாக்டரம்மா! பேத்தி பக்கத்துல தூங்குறார்!"

குருவின் முகம் மலர்ந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

நல்லசிவம் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஊற்றிக் கொடுத்தார். வழியெல்லாம் மனதில் கிடந்ததைக் கேட்டார்.

"அவர்தான் ஒம்பது மணிக்கே தூங்கிட்டாரே. அதுக்கப்புறம் நீங்க முழிச்சிருந்தா என்ன, தூங்கினா என்ன? அவருக்குத் தெரியவா போகுது?"

"மணி என்ன சார்?"

"ஏழு அம்பத்தெட்டு."

குரு காபியைக் குடித்து முடித்தார். கடிகாரம் எட்டைத் தொடும்வரை காத்திருந்தார். பிறகு நோட்டைத் திறந்து நல்லசிவத்தின் கையில் கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் சுவர். சாவி இல்ல, போன் இல்ல, கேட் இல்ல. ராத்திரி அஞ்சு வண்டி போச்சு. விசேஷம் ஒண்ணும் இல்ல" என்றார். 'ஒப்படைப்பவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினார்.

நல்லசிவம் பேனாவை வாங்கினார். சிரிக்கலாமா என்று பார்த்தார். குருவின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. 'ஏற்பவர்' கட்டத்தில் தன் பெயரை எழுதினார். நேரம் போட்டார். 8.00.

குரு அப்போதுதான் சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி. இல்லாத கேட்டை இன்னும் எத்தனை நாள் காக்கப்போறோம்?"

குரு கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"அவர் எட்டு மாசம் ஒத்தையாளாக் காத்தார் சார். நாம ரெண்டு பேர் இருக்கோம்."

 கிழக்கே வண்டி வரும் சத்தம் கேட்டது. நல்லசிவம் எழுந்து நின்றார்.